சட்டைப் பையில் அடங்கும் சாக்பீஸ் பிடிப்பான்: ஒரு வடிவமைப்பின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஓர் ஆரம்பப் பள்ளியின் ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து, சாக்பீஸை விரலால் தொடாமல் எழுத ஒரு சிறு கருவி செய்துதர முடியுமா என்று கேட்டதில் இந்த வேலை தொடங்கியது. கேட்டவர்களில் முதன்மையானவர் ஒரு கணித ஆசிரியை. பல ஆண்டுகள் கரும்பலகையில் எழுதியதில் அவருடைய கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நுனியில் வறண்டு வெடித்திருந்தன. சாக்பீஸ் தூள் தோலின் ஈரத்தையும் எண்ணெய்ப்பசையையும் உறிஞ்சிக்கொள்ளும். அடிக்கடி கை கழுவும்போது வறட்சி இன்னும் கூடும். வெடிப்பு ஆழமான நாள்களில் அவர் விரலில் பிளாஸ்திரி சுற்றிக்கொண்டு எழுதினார்.

அதே பள்ளியின் ஓவிய ஆசிரியருக்கு வேறு தேவை இருந்தது. குழந்தைகள் விட்டுச்செல்லும் மெழுகு கிரேயான் துண்டுகள் ஒரு டப்பா நிறையச் சேர்ந்திருந்தன. அவற்றைக் கடைசிவரை பயன்படுத்த ஏதாவது வழி உண்டா என்பது அவர் கேள்வி. இரண்டையும் ஒரே கருவி தீர்க்கட்டும் என்று எல்லோரும் எண்ணினோம். அந்த எண்ணம் எங்கே நின்றது, எங்கே நிற்கவில்லை என்பதே இந்த ஆய்வின் பெரும்பகுதி.

வடிவமைப்பு என் பொறுப்பு. மாதிரிகளைக் கடைந்து தந்தவர் அனுபவமுள்ள ஒரு லேத் தொழிலாளி. சில முடிவுகள் என்னுடையவை என்பதைவிட அவருடையவை என்றே சொல்ல வேண்டும்.

இத்தகைய கருவி புதிதல்ல. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பிய ஓவியர்கள் சுண்ணக்கட்டி, கரித்துண்டு ஆகியவற்றைப் பித்தளைக் குழல் ஒன்றில் செருகி வரைந்தார்கள். குழலின் முனை நீளவாக்கில் பிளந்திருக்கும். அதன்மேல் ஒரு வளையத்தை முன்னே தள்ளினால் பிளவு இறுகிக் கட்டியைக் கவ்விக்கொள்ளும். இன்று கடைகளில் கிடைக்கும் பிளாஸ்டிக் பிடிப்பான்களில் பல, பின்னால் அழுத்தினால் தாடை திறக்கும் வகையைச் சேர்ந்தவை. ஆசிரியர்கள் அவற்றில் சிலவற்றை முன்பே வாங்கிப் பார்த்து, மேசை இழுப்பறையில் போட்டுவிட்டிருந்தார்கள். அவை ஏன் அங்கே போய்ச் சேர்ந்தன என்பதிலிருந்துதான் நாங்கள் தொடங்கினோம்.

வகுப்பறையில் கவனித்தவை

வரைபடத்தில் கை வைப்பதற்கு முன் சில நாள்கள் வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கவனிக்க அனுமதி கிடைத்தது.

புதிய சாக்பீஸ் கைக்கு வந்ததும் ஆசிரியர்கள் பெரும்பாலும் அதை இரண்டாக ஒடித்தார்கள். முழு நீளத்தில் எழுதினால் எப்படியும் ஒடியும், கிறீச்சென்று சத்தமும் வரும் என்பதைக் கை அறிந்திருந்தது. ஒடிந்தபோதெல்லாம் உடைவு ஒரே இடத்தில்தான் விழுந்தது: விரல்களின் பிடி முடிந்து சாக்பீஸ் வெளியே நீளத் தொடங்கும் கோட்டில். கடைசி இரண்டு சென்டிமீட்டர் துண்டைப் பிடித்து எழுத முடியாது. எழுதினால் நகம் பலகையில் உரசும். அதனால் அந்தத் துண்டுகள் பலகையின் கீழ்ச்சட்டத்தில் குவிந்து கிடந்தன.

இன்னொன்று, எழுதும்போது மற்றக் கை ஒருபோதும் சும்மா இருக்கவில்லை. அதில் பாடநூலோ, நோட்டோ, துடைப்பானோ இருந்தது. இரண்டு கைகளாலும் இயக்க வேண்டிய எந்தக் கருவியும் இங்கே நிலைக்காது என்பது அப்போதே தெரிந்துவிட்டது. இழுப்பறையில் கிடந்த பழைய பிடிப்பான்கள் அங்கே போனதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

மீதிப் பாதிக் காரணம் வெர்னியர் காலிப்பரில் தெரிந்தது. ஒரே பெட்டியிலிருந்து எடுத்த சாக்பீஸ்களை இரு முனைகளிலும் அளந்து பார்த்தோம். அச்சில் வார்த்தவை ஒரு முனையில் 10 மில்லிமீட்டரை நெருங்கின, மறுமுனையில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் மெலிந்திருந்தன. அச்சிலிருந்து வழுக்கி வெளியே வருவதற்காக அவற்றுக்கு அந்தச் சரிவைக் கொடுக்கிறார்கள். பிசைந்த மாவைக் குழாய் வழியே பிதுக்கிச் செய்யும் வகையோ தலையிலிருந்து வால்வரை ஒரே தடிமன். முதல் வகை பெரும்பாலும் ஜிப்சம், அதாவது கால்சியம் சல்பேட். மிருதுவானது, தூள் அதிகம். இரண்டாவது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அடர்த்தியானது, தூள் குறைவு. பள்ளியில் இரண்டும் கலந்தே புழங்கின.

‘சரிசெய்துகொள்ளக்கூடிய’ பிடிப்பான் என்று ஆசிரியர்கள் கேட்டபோது, பல வகை சாக்பீஸ்களுக்குப் பொருந்துவதையே நான் நினைத்திருந்தேன். உண்மையான தேவை அதைவிட நெருக்கமானது. ஒரே சாக்பீஸ் தேயத் தேயத் தன் தடிமனை மாற்றிக்கொண்டே போகிறது. காலை முதல் பாடவேளையில் இறுகப் பிடித்த தாடை, மதியத்துக்குள் தளர்ந்துவிடும்.

சட்டைப் பை பற்றியும் ஒரு குறிப்பு. கேட்டவர்களில் சிலருடைய உடையில் பையே இல்லை. எனவே ‘பையில் அடங்க வேண்டும்’ என்பதோடு, ‘கழுத்துக் கயிற்றில் தொங்கவும் வேண்டும்’ என்பதையும் சேர்த்துக்கொண்டோம்.

சாக்பீஸ் ஏன் ஒடிகிறது

சாக்பீஸ் அழுத்தத்தைத் தாங்கும், வளைவைத் தாங்காது. வளைக்கும்போது ஒரு பக்கம் இழுபடுகிறது. இழுவிசைக்கு இந்தப் பொருளில் வலு மிகக் குறைவு. பிடிக்கு வெளியே நீளும் பகுதியை ஒரு முனை பொருத்திய உத்தரமாகக் கருதினால், பிடியின் விளிம்பில் விழும் தகைவு, அதாவது ஓர் அலகுப் பரப்பு தாங்கும் விசை, வெளியே நீளும் நீளத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். 30 மில்லிமீட்டர் நீட்டி எழுதுவதற்குப் பதில் 10 மில்லிமீட்டர் மட்டும் நீட்டினால், அதே கைவிசைக்குத் தகைவு மூன்றில் ஒரு பங்காகிவிடும். விட்டத்தின் பங்கு இன்னும் கூர்மையானது. தகைவு விட்டத்தின் மும்மடிக்கு எதிர்விகிதம் என்பதால், 10 மில்லிமீட்டர் சாக்பீஸ் 8 ஆக மெலிந்தால் தகைவு ஏறத்தாழ இரட்டிப்பாகிறது.

ஆகவே எந்தப் பிடிப்பானும் தரக்கூடிய பெரிய நன்மை, சாக்பீஸைக் கொஞ்சமாக மட்டுமே வெளியே விடுவதுதான். அதைக் கெடுக்கக்கூடியதும் பிடிப்பானேதான். தாடையின் விளிம்பு கூராக இருந்தால் அது சாக்பீஸில் ஒரு கீறலைப் போடும். கீறல் இருக்கும் இடத்தில் தகைவு குவியும். விரல் மென்மையானது என்பதால் கையில் பிடிக்கும்போது இந்தச் சிக்கல் எழுவதில்லை. உலோகத் தாடையில் எழுகிறது.

முதல் முடிவு: எந்த வகைப் பிடி?

மூன்று வழிகளை லேத்தில் கடைந்தே பார்த்தோம்.

பிளந்த குழலும் வளையமும் கொண்ட பழைய வழி முதலில். தூள் போய் அடைக்க அதில் எதுவும் இல்லை, ஒரு கையால் இயக்கலாம். அதன்மீது எனக்கு இன்றும் மதிப்பு உண்டு. ஆனால் பிளவு இரண்டே பாகங்களாக இருப்பதால் சாக்பீஸை இரண்டு கோடுகளில் மட்டுமே தொடுகிறது. ஜிப்சம் சாக்பீஸ் அந்தக் கோடுகளில் நொறுங்கியது. பையில் இருக்கும்போது உராய்வில் வளையம் தானாகப் பின்னே நகர்ந்து, சாக்பீஸ் பைக்குள் விழுந்ததும் உண்டு. பித்தளையில் செய்த அந்த மாதிரி கையைக் கீழே இழுத்தது. பித்தளையின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு சுமார் 8.5 கிராம், பின்பு நாங்கள் எடுத்துக்கொண்ட அசிட்டல் என்ற கடின பிளாஸ்டிக்கின் அடர்த்தி 1.4தான். நாள் முழுதும் தோள் உயரத்துக்கு மேலே தூக்கி எழுதும் கைக்கு இந்த வேறுபாடு சிறியதல்ல.

அடுத்தது பின்னால் பொத்தானும் உள்ளே சுருள்வில்லும் கொண்ட வழி. கையில் எடுத்தவுடன் எல்லோருக்கும் பிடித்துப்போனது இதுதான். பொத்தானை அழுத்தினால் தாடை திறக்கிறது, சாக்பீஸ் சரிந்து இறங்குகிறது, விட்டால் கவ்விக்கொள்கிறது. ஆனால் சரிந்து இறங்கும் சாக்பீஸ் எங்கே நிற்பது என்பதற்குக் கணக்கில்லை. கவனிக்காவிட்டால் தரையில் விழுந்து உடையும். வில்லின் விசை மாறாதது, அதைத் தளர்த்தவோ இறுக்கவோ வழியில்லை. சில நாள்களில் தூள் வில்லுக்குள் புகுந்து, கை ஈரத்தோடு சேர்ந்து இறுகி, பொத்தான் பாதியிலேயே நின்றது. திறந்து துடைத்தால் சரியாகிவிடும். ஆனால் பாட இடைவேளையில் வில்லையும் திருகையும் பிரித்துத் துடைக்கச் சொல்லி ஓர் ஆசிரியரிடம் கேட்பது நியாயமில்லை.

மூன்றாவது, லேத்திலேயே கருவிகளைப் பிடிக்கப் பயன்படும் காலெட். முனையில் நான்கு பிளவுகள் கொண்ட குழல். அதன் வெளிப்புறம் கூம்பாகச் சரிந்திருக்கும். கூம்பின்மேல் ஒரு மூக்குத் திருகை ஏற்றினால் நான்கு தாடைகளும் சேர்ந்து உள்ளே நெருங்கும். விசையைக் கையே முடிவு செய்கிறது. திருகு நின்ற இடத்தில் நிற்கிறது. இதையே தேர்ந்தோம். வேகம் குறைவு என்பது இதன் பலவீனம் என்று தெரிந்தே எடுத்த முடிவு அது. அந்தப் பலவீனத்தை மரையின் வடிவத்தால் ஈடுகட்டலாம் என்று லேத் தொழிலாளி உறுதியாகச் சொன்னார்.

மரையும் கூம்பும்

சாதாரண நுண்மரை போட்டிருந்தால், மெலிந்த சாக்பீஸிலிருந்து தடித்ததற்கு மாற மூக்கைப் பல சுற்றுகள் திருக வேண்டியிருக்கும். ஒரு கையில் புத்தகம் இருக்கும்போது அது நடவாத காரியம். லேத் தொழிலாளியின் யோசனைப்படி, அடுத்தடுத்த புரிகளுக்கு நடுவே 2 மில்லிமீட்டர் இடைவெளியோடு, இரண்டு புரிகள் இணையாக ஓடும் இரட்டை மரை கடைந்தோம். ஒரு சுற்றுக்கு மூக்கு 4 மில்லிமீட்டர் முன்னேறும். கூம்பின் சரிவு அச்சிலிருந்து 15 டிகிரி. இரண்டும் சேர்ந்தால் ஒரு முழுச் சுற்றுக்குப் பிடியின் விட்டம் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் மாறும். கால் சுற்றுக்கு அரை மில்லிமீட்டர். தேயும் சாக்பீஸை மறுபடி இறுக்க இந்தக் கால் சுற்று போதும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எழுதும் நிலையிலேயே அதைச் செய்துவிடுகின்றன.

இவ்வளவு வேகமான மரை தானாகத் தளர்ந்துவிடாதா என்ற ஐயம் நியாயமானது. மரையின் விட்டம் சுமார் 17 மில்லிமீட்டர் என்பதால் அதன் ஏற்றக் கோணம், அதாவது புரி ஏறும் சரிவு, 4 டிகிரியை ஒட்டித்தான் வருகிறது. பிளாஸ்டிக்கின் மேல் பிளாஸ்டிக் உராயும்போது இந்தக் கோணத்தில் திருகு தானாகச் சுழன்று கழலாது.

கூம்புக்கோ எதிர்மாறான கவலை. சரிவு மிகக் குறைவாக இருந்தால் கூம்பு இறுகிப்போய்த் திறக்க மறுக்கும். துரப்பணக் கருவிகளின் நீண்ட கூம்புகள் இறுகி நிற்பது இப்படித்தான். அங்கே அது தேவை, இங்கே தொல்லை. சாக்பீஸ் தூள் படிந்தால் உராய்வு இன்னும் கூடும் என்பதால் 10 டிகிரியை ஒதுக்கிவிட்டு 15ஐ எடுத்தோம்.

மரையின் பற்களை நுனி மழுங்கலாகவும், இடையில் தூள் ஒதுங்க இடம் இருக்குமாறும் கடைந்ததில் இன்னொரு பயன் கிடைத்தது. தூள் புகுந்தாலும் மூக்கைத் திருகும்போதே அது வெளியே தள்ளப்படுகிறது.

இரண்டாவது முடிவு: எதுவரை விரிய வேண்டும்?

ஆசைப்பட்டது 6 மில்லிமீட்டர் முதல் 14 வரை. மெல்லிய வண்ணக்கட்டி முதல் தடித்த குழந்தைக் கிரேயான் வரை எல்லாம் அடங்கிவிடும். காகிதத்தில் வரைந்து பார்த்ததும் அந்த ஆசையின் விலை தெரிந்தது. உள்ளே 14 மில்லிமீட்டர், அதைச் சுற்றித் தாடையின் தடிமன், அதற்கு வெளியே திருகின் சுவர். மொத்தத்தில் கருவி ஒரு சிறு டார்ச் விளக்கின் பருமனுக்கு வந்துவிட்டது. சட்டைப் பையில் நீளத்தைவிடப் பருமனே தடை என்பதை இங்கேதான் கண்டோம். 11 சென்டிமீட்டர் நீளமுள்ள பொருள் பேனாவைவிடக் குட்டையானது. பை அதை எளிதில் ஏற்றுக்கொள்கிறது. ஆனால் பருமன் 20 மில்லிமீட்டரைத் தாண்டினால் பை துருத்துகிறது, குனியும்போது கருவி விழுந்துவிடுகிறது.

தாடைகள் நெருங்கும் விதத்திலும் ஒரு தடை இருந்தது. அவை இணையாக நகர்வதில்லை. அடியில் பொருத்தப்பட்டு நுனியில் வளைகின்றன. செய்தளவைவிட மிகவும் உள்ளே அழுத்தினால் நுனி மட்டும் சாக்பீஸைத் தொடும், உட்பகுதி விலகி நிற்கும். அப்போது பிடி முழுதும் ஒற்றைக் கோட்டில் விழும். வளைவு எல்லா அளவிலும் சிறிதாக இருக்க வேண்டும் என்றால் விரிவின் எல்லையைச் சுருக்க வேண்டும்.

8 முதல் 11 மில்லிமீட்டர் வரை என்று முடிவெடுத்தோம். பள்ளியில் புழங்கிய எல்லா சாக்பீஸும் இதற்குள் வந்தது. தாடைகளைத் திறந்த நிலைக்கோ மூடிய நிலைக்கோ அல்லாமல் நடு அளவான 9.5 மில்லிமீட்டருக்குச் செய்தோம். இரு திசையிலும் ஒவ்வொரு தாடையும் முக்கால் மில்லிமீட்டர் மட்டும் வளைந்தால் போதும். தாடையின் நீளம் 25 மில்லிமீட்டர் என்பதால் கோணம் 2 டிகிரியை எட்டுவதில்லை. தடித்த கிரேயான்களைக் கைவிட்டதில் ஓவிய ஆசிரியருக்கு வருத்தம்தான். அவை கையில் பிடிக்கவே தடித்தவை, பிடிப்பானின் உதவி அவற்றுக்கு மிகக் குறைவாகவே தேவை என்று பேசி ஒப்புக்கொண்டோம்.

தாடையின் உட்புறத்தில் ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள சிலிக்கோன் ரப்பர் ஒட்டப்பட்டது. வாயின் விளிம்பு நன்றாக உருட்டப்பட்டது. இந்த இரண்டும் சேர்ந்ததும் பிடியின் கோட்டில் உடைவது நின்றது என்றே சொல்லலாம். ரப்பரால் இன்னொரு விளைவும் இருந்தது, நாங்கள் எதிர்பாராதது: கிறீச்சொலி வெகுவாகக் குறைந்தது. சாக்பீஸ் பலகையில் ஒட்டுவதும் வழுக்குவதுமாக மாறி மாறி அதிர்வதால் வரும் ஒலி அது. வெளியே நீளும் பகுதி குட்டையானதும், ரப்பர் அதிர்வை உள்வாங்கியதும் சேர்ந்து அதை அடக்கியிருக்க வேண்டும். எந்தக் காரணத்துக்கு எவ்வளவு பங்கு என்று நாங்கள் பிரித்துச் சோதிக்கவில்லை.

கிரேயானும் மெழுகின் குணமும்

சாதாரண மெழுகு கிரேயானின் விட்டம் சுமார் 8 மில்லிமீட்டர். எங்கள் எல்லையின் கீழ்முனையில் அது சரியாக வந்து நின்றது. எழுதும்போது பிடி நன்றாகவே இருந்தது. மறுநாள் காலையில் எடுத்துப் பார்த்தபோது கிரேயானின் நடுவில் இடுப்புபோல ஒரு மெலிவு விழுந்திருந்தது.

மெழுகு சாக்பீஸைப் போல நொறுங்காது. தொடர்ந்த அழுத்தத்தில் மெல்ல மெல்ல விலகிக்கொடுக்கும். பாரஃபின் மெழுகு வகைக்கேற்ப ஏறத்தாழ 46 டிகிரி செல்சியஸுக்கு மேல் உருகத் தொடங்கும். உருகுநிலைக்குக் கீழேயும் வெப்பம் கூடக் கூட இளகிக்கொண்டே போகும். பகலில் உடலை ஒட்டிய சட்டைப் பையின் வெப்பத்திலும், பின்பு ஓர் இரவு முழுதும் இறுகிய தாடைக்குள்ளும் இருந்தால் அதில் இடுப்பு விழுவதில் வியப்பில்லை. பின்பு அந்த இடத்திலேயே ஒடிந்தது. சாக்பீஸுக்குத் தேவை நொறுக்காத மென்மையான பிடி. மெழுகுக்குத் தேவை குறைந்த அழுத்தமும் நீண்ட தொடுபரப்பும். ஒரே தாடை இரண்டையும் நிறைவாகச் செய்யாது.

இங்கே ஓர் உள்ளுறையைச் சேர்த்தோம். நீளவாக்கில் ஒரே ஒரு பிளவு கொண்ட மெல்லிய குழல். வெளிவிட்டம் 10 மில்லிமீட்டர், நீளம் 30. கிரேயானை அதற்குள் செருகி, உறையோடு சேர்த்துத் தாடைக்குள் வைக்க வேண்டும். தாடையின் அழுத்தம் உறையின் நீளம் முழுதும் பரவிவிடுகிறது. கிரேயானின் காகிதச் சுற்றை உறைக்குள் இருக்கும் பகுதியில் கிழிக்காமல் விடும்படி மாணவர்களிடம் சொன்னோம். மெழுகு நேராக உறையில் ஒட்டுவதை அந்தக் காகிதம் தடுக்கிறது, வழுக்காமலும் பார்த்துக்கொள்கிறது.

சிறு குழந்தைகளுக்கு இதைத் தருவதா என்ற கேள்வி அப்போது எழுந்தது. குழுவோடு பேசிய தொழில்வழிச் சிகிச்சையாளர் (அன்றாடச் செயல்களுக்குக் கையையும் உடலையும் பழக்குபவர்) ஒருவர் சொன்னது என் கருத்தை மாற்றியது. கை இன்னும் பழகாத குழந்தைக்குக் குட்டைக் கிரேயான் துண்டே நல்ல பயிற்சி. துண்டு சிறியதாக இருந்தால் முழு உள்ளங்கையால் பற்ற இடமிருக்காது. விரல் நுனிகளால் பிடித்தாக வேண்டும். நீளமான பிடிப்பானில் அதை மாட்டினால் குழந்தை மறுபடி கைமுட்டியால் பற்றும். டப்பா நிறையக் கிடந்த துண்டுகளைக் கழிவு என்று பார்த்த எங்களுக்கு, அவற்றில் ஒரு பகுதி ஏற்கெனவே சரியான வேலையைச் செய்துகொண்டிருக்கிறது என்பது தெரிந்தது. பாதுகாப்புக் காரணமும் அதோடு சேர்ந்தது. மூக்குத் திருகு, உள்ளுறை ஆகியவை கழன்றால் சிறு குழந்தையின் வாய்க்குள் போகும் அளவுடையவை. பொம்மைகளுக்கான பாதுகாப்புத் தரங்களில் சிறு பாகங்களைச் சோதிக்கும் உருளையின் விட்டம் 31.7 மில்லிமீட்டர், எங்கள் உறை அதற்குள் சுலபமாக விழும். எனவே கருவியை ஆசிரியர்களுக்கும் மேல்வகுப்பு ஓவிய மாணவர்களுக்கும் மட்டுமே என்று வரையறுத்தோம்.

மூடி வேண்டாம் என்ற முடிவு

பை அழுக்காகாமல் இருக்க மூடி போடலாம் என்பது பலருடைய யோசனை. மூடி தொலையும்; தொலைந்த பிறகு கருவி பையை அழுக்காக்கும். அதோடு குழந்தைகள் நடமாடும் இடத்தில் மூடி தனி அபாயம். எழுதுகோல் மூடிகளால் மூச்சுத்திணறல் ஏற்படாமல் இருக்கவே ஐ.எஸ்.ஓ. 11540 என்ற தனித் தரம் இருக்கிறது. மூடிக்குப் பதிலாக, சாக்பீஸை முழுதும் உள்ளே இழுத்துக்கொள்ளும் நீளத்தில் உடலைச் செய்தோம். கிளிப்பை மூக்குப் பக்கம் பொருத்தினோம். பையில் வைத்தால் வாய் மேலே பார்த்து நிற்கும். உதிரும் தூள் குழலின் அடிக்குப் போகும், துணிக்கு வராது. பின்முனையின் திருகு மூடியைத் திறந்து தூளைக் கொட்டலாம். கிளிப்பிலேயே கழுத்துக் கயிற்றுக்கு ஒரு துளை. மேசையில் வைத்தால் உருளாமல் தடுப்பதும் அந்தக் கிளிப்தான்.

சாக்பீஸை முன்னும் பின்னும் நகர்த்தப் பக்கவாட்டில் ஒரு தள்ளு பொத்தான் வைக்கும் எண்ணமும் இருந்தது. அதற்குக் குழலில் நீள வெட்டு வேண்டும். வெட்டு வழியே தூள் கசியும். அதை விட்டுவிட்டோம். மூக்கைக் கால் சுற்றுத் தளர்த்தி, வாயைப் பலகைக்கு ஒரு விரல் தூரத்தில் காட்டினால் சாக்பீஸ் இறங்கிப் பலகையில் முட்டி நிற்கிறது, அப்படியே இறுக்கலாம். உள்ளே தள்ளவும் பலகையே போதும்.

பள்ளியில் ஒரு பருவம்

மாதிரிகள் ஒரு பள்ளிப் பருவம் முழுதும் ஆசிரியர்களிடம் இருந்தன. முதல் வாரத்தில் முறையீடுகள் அதிகம்: எழுத்து பெரிதாகிறது, கோணம் மாறுகிறது, பழைய வேகம் இல்லை. பலகையில் எழுதும் பழக்கம் விரல்களில் ஊறியது. விரலுக்கும் சாக்பீஸுக்கும் நடுவில் ஒரு பொருள் வந்ததும் கை தடுமாறுவது இயல்பு. பெரும்பாலோர் சில வாரங்களில் பழகிக்கொண்டார்கள். ஒருவர் மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டார். தலைப்புகளைச் சாக்பீஸைப் படுக்கவைத்துப் பட்டையாகத் தீட்டி எழுதுவது அவர் வழக்கம். முனை மட்டும் வெளியே தெரியும் எந்தப் பிடிப்பானும் அதைச் செய்ய விடாது. அவருடைய எழுத்தைப் பார்த்தவர்கள் அவர் முடிவைத் தவறென்று சொல்லமாட்டார்கள்.

இந்தப் பருவத்தின் நல்ல கண்டுபிடிப்பு கணித ஆசிரியையுடையது. துண்டு மிகவும் குட்டையானதும் தாடைக்குள் சிக்கிக்கொள்ளும். வெளியே எடுக்க எதையாவது விட்டுக் குத்த வேண்டும். அவர் பின்மூடியைத் திறந்து புதிய சாக்பீஸைப் பின்னாலிருந்து செருகினார். புதியது பழைய துண்டை முன்னே தள்ளியது. துண்டு ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத் தேயும்வரை எழுத முடிந்தது. அதற்குமேல் ரப்பரின் பிடி போதாமல் அது விழுந்துவிடும், புதியது அந்த இடத்துக்கு வந்துவிடும். நாங்கள் தூள் கொட்டுவதற்காக வைத்த மூடி, இதன் பிறகு முதன்மையான வாசலாகிவிட்டது. பலகையின் கீழ்ச்சட்டத்தில் துண்டுகள் குவிவது அவர் வகுப்பில் கண்ணுக்குத் தெரியக் குறைந்தது.

அவருடைய விரல் வெடிப்புகள் பருவ முடிவில் ஆறியிருந்தன. முழுக் காரணமும் பிடிப்பான் என்று சொல்வதற்கில்லை. அதே காலத்தில் அவர் கைக்குக் களிம்பு தடவத் தொடங்கியிருந்தார், துடைப்பானை ஈரத்துணியாக மாற்றியிருந்தார். பலகையைத் துடைக்கும்போது எழும் தூளுக்குப் பிடிப்பானால் எந்தத் தீர்வும் இல்லை.

பழுதுகள் இரண்டு இடங்களில் வந்தன. மூக்குத் திருகில் பிடிக்காகப் போட்ட நுண்ணிய நர்லிங் வரிகள் தூளால் நிரம்பி வழவழப்பாகிவிட்டன. இறுக்கும்போது விரல் வழுக்கியது. அந்த வரிகளை எடுத்துவிட்டு, விரல் நுனி அமரும் அளவுக்கு ஆறு அகலமான பள்ளங்களைக் கடைந்ததும் சரியானது. தூள் அங்கே தங்குவதில்லை, தங்கினாலும் ஒரு துடைப்பில் போய்விடுகிறது. மற்றது தாடைக்குள் ஒட்டிய ரப்பர். சிலிக்கோன் எளிதில் எதோடும் ஒட்டாத பொருள். அசிட்டலும் அப்படியே. விளிம்பில் தூள் நுழைந்து, பசை விட்டு, ரப்பர் சுருண்டு வெளியே வந்தது. பருவத்தின் நடுவிலேயே பல மாதிரிகளைத் திரும்ப வாங்கி ஒட்டிக் கொடுத்தோம்.

அடுத்த வடிவத்தில் மாறுபவை

பசையை முற்றாக விட்டுவிடுகிறோம். ரப்பரைத் தனி உறையாக வார்த்து, தாடையின் நுனியைச் சுற்றி வெளியே மடித்து, மூக்குத் திருகே அதை நெருக்கிப் பிடிக்குமாறு வரைபடம் மாறியிருக்கிறது. உருட்டிய விளிம்பின் வேலையையும் அந்த மடிப்பே செய்யும். தேய்ந்த ரப்பரை ஆசிரியரே உருவி மாற்றலாம். மூக்குத் திருகு முழுதும் கழன்று வராமல் இருக்க மரையின் முடிவில் ஒரு தடுப்பு வருகிறது. ரப்பரை மாற்றும்போது மட்டும் அதை மீற ஒரு சிறு அழுத்தம் தேவைப்படும்.

பின்வாசல் இப்போது முதன்மை ஆகிவிட்டதால், அதன் நுண்மரை மூடிக்குப் பதில் கால் சுற்றில் பூட்டும் மூடி வருகிறது. உடலின் நிறம் வெளிர் சாம்பலிலிருந்து அடர் ஆரஞ்சுக்கு மாறுகிறது. சாக்பீஸ் தூள் படிந்த சட்டத்தில் சாம்பல் நிறக் கருவி கண்ணில் படாமல் கிடந்ததே காரணம்.

கிரேயானுக்கான உள்ளுறையைத் தனியாகவே வைத்திருக்கிறோம். வேலை முடிந்ததும் மூக்கைத் தளர்த்தி வைக்கும்படி ஓவிய மாணவர்களுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. பாதிப் பேர் மறந்துவிடுகிறார்கள் என்று ஓவிய ஆசிரியர் சொல்கிறார். மறந்தாலும் இடுப்பு விழாத அளவுக்கு உறையின் நீளத்தை 30லிருந்து 40 மில்லிமீட்டராக்கினால் போதுமா என்பதை அடுத்த மாதிரியில் பார்க்க இருக்கிறோம். நீளும் 10 மில்லிமீட்டருக்கு உடலுக்குள் இடம் இருக்கிறது. கருவியின் மொத்த நீளம் மாறாது.